பின்வாசல் அலுமாரி

மாலை ஆறு மணி தாண்டியிருக்கும். கார்த்திகை மாதம். நாள் முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. உட்துறைமுகக் கரையோடு போகிற வீதியில் ஒரு சனம் இல்லை… கனகம்மா மட்டும் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் மடித்த குடை. செருப்பு சேற்றில் ஒட்டி ஒட்டிக் கழன்று வருகிற சத்தம். வேறு சத்தம் இல்லை.

லாம்பைக் கொஞ்சம் குறையுங்கள். கிட்ட வாருங்கள். மழையில் நான் இங்கே அகப்பட்டுக்கொண்டேன், நீங்கள்தான் பேய்க்கதை சொல்லச் சொல்லி ஆய்க்கினைப்படுத்தினீர்கள். நாளைக்கு இந்த வீட்டுக்கு மேசன் வருகிறாராம், சுவரோடு அலுமாரி அடிக்கப் போகிறீர்களாம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வேறு கதை வாயில் வரவில்லை. பிறகு கிணற்றடிக்குத் தனியாகப் போக ஏலாது என்று என்னைத் திட்டக்கூடாது.

இது என் சிநேகிதி புஷ்பவதியின் சின்னம்மாவுக்கு நடந்தது. அந்தச் சின்னம்மாதான் கனகம்மா. எழுபத்தைந்தாம் ஆண்டு முடிகிற நேரம். புஷ்பவதி பொய் சொல்லுகிறவள் இல்லை. இட்டுக்கட்டிச் சொல்லுமளவுக்கு அவளுக்குக் கற்பனையும் கிடையாது. இந்தக் கதையை என்னிடம் சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை.

சரி… கனகம்மா நடந்து வருகிறாள்.

அவளுடைய வீடு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பழைய வீடு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சுவர் ஒன்றரை அடி தடிப்பு. மகள் பூரணிக்குக் கலியாணம் நிச்சயமாகி, வீட்டைத் திருத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் தாயும் மகளும் உவர்மலையில் கனகம்மாவின் தம்பி கனகரத்தினத்தின் வீட்டில் இருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று தம்பி ஆள் அனுப்பியிருந்தார். பூரணி மத்தியானமே ஓடி வந்துவிட்டாள். கனகம்மா இப்போதுதான் வருகிறாள்.

வீதி வளைகிற இடத்தில் வீட்டின் பின்பக்கம் தெரியும். அங்கே ஒரு ஆள் நின்றான்.

சுவரோடு சுவராக நின்றான். முகம் தெரியவில்லை. மேசன் ஆதம்பாவாதான் நின்று வேலையைச் சரிபார்க்கிறார் என்று கனகம்மா நினைத்தாள். அந்த ஆள் இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். மேலே… கீழே… பிறகு பக்கவாட்டில்… பிறகு திரும்பவும் மேலே. இருட்டறையில் நெருப்புப்பெட்டி தேடுகிறவன் தடவுகிற மாதிரி. மழை விட்டுவிட்டது. அந்த ஆளின் உடம்பிலிருந்து மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஆதம்பாவாக் காக்காவோ?”

ஆள் திரும்பவில்லை. தடவுகிற கை நிற்கவும் இல்லை.

கனகம்மா வீட்டைச் சுற்றிப் பின்னுக்குப் போனாள். ஒருவரும் இல்லை. ஈரமணல்… அதற்கப்பால் கடல். அப்போதுதான் அவள் சுவரைப் பார்த்தாள். பின்வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை. கல் வைத்துக் கட்டி, பூசி, பூச்சு இன்னும் காயாமல் கறுப்பாகத் தெரிந்தது.

அந்தப் பின்வாசலைப் பற்றி நான் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அவள் ஏன் அந்த ஈரமணலில் அப்படியே குந்திவிட்டாள் என்று உங்களுக்கு விளங்காது.

விளக்கு வைக்கிற நேரம் நாங்கள் என்ன செய்வோம்? முன்கதவைத் திறந்து வைப்போம், பின்கதவைச் சாத்துவோம். முன்னால் வருகிற இலட்சுமி பின்னால் இறங்கிப் போய்விடக் கூடாது. கனகம்மா வீட்டில் மட்டும் அந்த நேரத்தில் பின்கதவு அகலத் திறந்திருக்கும். பதினொரு வருடம் அப்படித்தான் இருந்தது. அந்த வீட்டில் காசு தங்காததற்கும் பூரணிக்குச் சம்பந்தம் பிந்தியதற்கும் அதுதான் காரணம் என்று அயலில் உள்ளவர்கள் கதைப்பார்கள். கனகம்மாவின் காதில் அது ஏறாது.

அவளுடைய புருசன் இராசதுரை. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கடற்படைத் தளத்தில் வேலை. அவன் கப்பலேறிப் போன பிறகு வேலை போய்விட்டது, ஒரு வள்ளம் வாங்கி வலை போடப் போனார். பகல் முழுக்கக் கடல். சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவார். முன்வாசலில் விளக்கு எரியும், மீன்நாற்றத்தோடு விளக்கைக் கடந்து வரக்கூடாது என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு. கிணற்றடியில் நாலு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு பின்வாசலால் வருவார். கதவுக்கு உட்பக்கம் ஒரு ஆணி. அதில் இடுப்பில் கட்டுகிற உலர்ந்த சாரம் ஒன்றைக் கனகம்மா கொழுவி வைத்திருப்பாள். மாற்றிக்கொண்டு, ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டுதான் பூரணியைத் தூக்குவார்.

அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். காற்று எழும்பத் தொடங்கிய பிறகு அவர் வள்ளத்தைப் பார்க்கப் போனார். “இழுத்துக் கட்டிப்போட்டு விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்திடுவன்” என்று சொல்லிவிட்டுப் போனார். வள்ளம் மூதூர்ப் பக்கம் கரையொதுங்கியது. அவர் வரவில்லை. உடம்பும் வரவில்லை.

உடம்பைப் பார்க்காமல் கனகம்மா ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவருக்குச் செய்கிற எட்டுச் செலவு செய்யவில்லை. அந்தியேட்டி செய்யவில்லை. தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் பின்கதவைத் திறந்து வைத்தாள். ஆணியில் சாரத்தைக் கொழுவினாள், வெள்ளிக்கிழமை தோறும் தோய்த்து மாற்றினாள். சனம் பைத்தியம் என்றது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எனக்கு அவள்மேல் கோபம்தான் வரும். பக்கத்தில் ஒரு பிள்ளை வளருகிறது… தாய் பின்வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளை எந்த முகத்தைப் பார்க்கும்?

அந்தப் பிள்ளைக்குத்தான் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கந்தோர் உத்தியோகம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுந்தானே, வீடு பெண்ணுக்கு. தாய் கூரை சாய்த்து இறக்கின ஒரு பத்தியில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து வீட்டைப் பார்த்தார்கள். எல்லாம் பிடித்துக்கொண்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். வெள்ளைக்காரன் கட்டின பங்களாக்களில் இருக்கிறதே, சுவருக்குள் பதித்த அலுமாரி, அதுபோல ஒன்று மணமக்கள் அறையில் வேண்டும். இடத்தை அடைக்காது, பார்க்கவும் வடிவு.

கனகரத்தினம் கிண்ணியாவிலிருந்து ஆதம்பாவாவைக் கூட்டி வந்தார். மேசன் வேலையும் தச்சு வேலையும் இரண்டும் செய்கிறவர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெட்ட ஏலாது என்றார். பழைய சுண்ணாம்புச் சுவர், ஓரிடத்தில் வெட்டினால் மேலே உள்ளதெல்லாம் கொட்டுண்டு வரும். இப்படியான வீட்டில் அலுமாரி வைப்பதென்றால் ஏற்கெனவே நிலை இருக்கிற வாசலில்தான் வைக்கலாம். மேலே மரம் தாங்கிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் அரைக்கல் கட்டு, உள்ளே ஓரடி ஆழத்துக்குத் தட்டு, முன்னுக்கு இரட்டைக் கதவு. அந்த அறையில் ஒரு வாசல் கடற்பக்கம் இருந்தது.

கனகரத்தினம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அலுமாரியும் ஆகும், அக்காவின் காத்திருப்பும் முடியும் என்று நினைத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். அக்காவிடம் ஒரு சொல்லுக் கேட்கவில்லை.

கனகம்மா ஈரமணலிலிருந்து எழும்பி முன்பக்கத்தால் உள்ளே வந்தாள். அறையில் பெற்றோல்மாக்ஸ் எரிந்தது. புதுச் சுண்ணாம்பு மணமும் முதிரைப் பலகை மணமும். பூரணி அலுமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோசம். “அம்மா, பாருங்கோவன், எவ்வளவு கொள்ளுது எண்டு.”

கனகம்மா தம்பியைத்தான் பார்த்தாள். “இதை அடைச்சுப்போட்டியோ?”

“பதினொரு வருசம் அக்கா. போதும். பிள்ளை வாழப்போற வீடு.”

“ஓம். பிள்ளை வாழத்தான் வேணும்.” அலுமாரிக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “அந்த மனிசன் எந்தப் பக்கத்தால வாறது?”

கனகரத்தினம் அலுமாரிப் பக்கம் குனிந்தார். ஆணியில் கிடந்த சாரத்தை மடித்துக் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். அதை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போய்க் குசினியில் இருந்தாள். அங்கே சமைக்கிற குசினி தனியாக ஒரு கொட்டில், முற்றத்தில் இறங்கித்தான் போகவேண்டும். பெரிய வீட்டுக்கு இரண்டே வாசல்… இப்போது ஒன்று.

அடுத்த நாள் விளக்கு வைக்கிற நேரம் அது தொடங்கியது.

தட்டுகிற சத்தம் இல்லை. தட்டியிருந்தால் பயமாவது வந்திருக்கும். இது தடவுகிற சத்தம். அலுமாரிக்குப் பின்னால், கல்லுக்கு அந்தப் பக்கம்… சர்… சர்… ஈரக்கை பூச்சில் போகிற சத்தம். மேலே… கீழே… கொஞ்சம் நிற்கும். பிறகு பக்கவாட்டில். பூரணி கேட்டாள். கனகம்மா கேட்டாள். கனகம்மா எழும்பி முன்வாசலால் வீட்டைச் சுற்றி ஓடினாள். பின்னால் ஒருவரும் இல்லை, சுவர் மட்டும் நனைந்திருந்தது. உள்ளே வந்தாள். சர்… சர்… திரும்பவும் ஓடினாள். ஒருவரும் இல்லை. அவர் அவளைத் தேடி வரவில்லை, விளங்குகிறதா? அவர் வீட்டுக்கு வருகிறார். கதவு எங்கே என்று தேடுகிறார்.

சேலைகள் ஈரமாகத் தொடங்கின. முதலில் கீழ்த்தட்டு, பிறகு மேல்தட்டு. அலுமாரியைத் திறந்தால் கடற்பாசி மணம்… நனைந்த கயிற்று மணம்… அதற்குள் எங்கோ நனைந்த சுருட்டு மணம். பூரணி ஆதம்பாவாவுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து பின்பலகையைக் கழற்றி, கல்லை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மாரி காலத்தில சுண்ணாம்பு வேர்க்கும் மகள். கடற்கரை வீடுதானே.” சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நல்ல சீமெந்தாகக் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு பலகையைத் திரும்பவும் அடித்துவிட்டுப் போனார். போகும்போது கூலி வேண்டாம் என்றார்.

சத்தம் நிற்கவில்லை.

கனகம்மா இப்போது அந்த நேரத்தில் அலுமாரிக் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினாள். மெல்லிய குரலில் கதைப்பாள். “இதை அடைச்சுப்போட்டாங்கள். நான் அடைக்கேல்லை. முன்வாசலால வாங்கோ. ஒருநாளைக்கு விளக்கைக் கடந்து வந்தால் ஒண்டுமில்லை. நான் சொல்லுறன், வாங்கோ.” சத்தம் கொஞ்சம் நிற்கும். கேட்கிற மாதிரி.

ஒருநாள் அந்த நேரம் அவள் முன்வாசலில் போய் நின்றாள். விளக்கு எரிந்தது. தெரு காய்ந்து கிடந்தது, அன்று மழை இல்லை. கடற்பக்கமிருந்து ஒரு ஈரத்தடம் வேலிக்கு வெளியால் வீட்டைச் சுற்றி வந்திருந்தது. ஒரு ஆளுடைய பாதம். முன்வேலிப் படலைவரைக்கும் வந்திருந்தது. அங்கே நின்று… நின்று… ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி நின்ற ஈரம். பிறகு வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.

ஏனென்று கேட்கிறீர்களா? அன்று காலை தாலிக்குப் பொன்னுருக்கி, அந்தப் படலையடியில் கன்னிக்கால் நட்டிருந்தார்கள். மாவிலைத் தோரணம், மஞ்சள் துணி, நிறைகுடம். கலியாணக் களை கட்டிய வாசல். உயிர் போனவர்களுக்கு அதைத் தாண்டி வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். முன்வாசலை மகளின் நல்லநாள் மறித்துக்கொண்டு நின்றது. பின்வாசலை அவளுடைய அலுமாரி மறித்துக்கொண்டு நின்றது. அந்த மனிசன் எங்கே போவார்?

தண்ணீர் இருந்தால் கொஞ்சம் தாருங்கள்.

கலியாணத்துக்கு முதல்நாள். வீடு நிறையச் சனம், முற்றத்தில் பலகாரம் சுடுகிறார்கள். விளக்கு வைக்கிற நேரம் கனகம்மா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பூரணி மருதோன்றிக் கையோடு இருந்தாள். அலுமாரிக்குப் பின்னால் சத்தம் தொடங்கியிருந்தது.

“பிள்ளை, தம்பியிட்டச் சொல்லி ஒரு கல்லை மட்டும் எடுப்பிப்பம். ஒரே ஒரு நாள். அவர் உன்னைக் கலியாணக் கோலத்தில பார்க்க வாறார். பார்த்துப்போட்டுப் போகட்டும்.”

“அம்மா, நாளைக்குக் கலியாணம். இண்டைக்குச் சுவரை உடைக்கிறதோ?”

“ஒரு கல்லுத்தான் பிள்ளை.”

பூரணி எழும்பினாள். பத்தொன்பது வயது. அவள் அழுதுகொண்டு கதைத்தாள் என்று புஷ்பவதி சொன்னாள். “எட்டு வயசில இருந்து பார்க்கிறன். பள்ளிக்கூடத்தால வந்தாலும் நீங்கள் பின்வாசல். காய்ச்சலில கிடந்தாலும் பின்வாசல். நான் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில ஆலாத்தி எடுக்கிற நேரம் அம்மா எங்கை எண்டு சனம் தேடினது, நீங்கள் பின்வாசலில நிண்டனீங்கள். நாளைக்கு ஒருநாளைக்கு எண்டாலும் என்னைப் பார்த்துக்கொண்டு முன்னுக்கு நில்லுங்கோ அம்மா. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

கனகம்மாவின் கண் அலுமாரியிலேயே இருந்தது. சர்… சர்… அதைப் பார்த்ததும் பூரணிக்கு ஏதோ ஆகிவிட்டது. போய் அலுமாரிக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். அந்த வீட்டில் பதினொரு வருடமாக ஒருவரும் சொல்லாததை அவள் சொன்னாள்.

“அப்பா வரமாட்டார். அப்பா செத்துப்போனார்.”

சத்தம் நின்றது.

உடனே நின்றது. கை சுவரில் இருக்கத்தக்கதாகவே நின்றது போல. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை… முற்றத்தில் எண்ணெய் கொதிக்கிறது கேட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கால் எடுத்து வைக்கிற சத்தம். ஈரமணலில்… ஒன்று… பிறகு ஒன்று… கடற்பக்கம் போனது. அவசரமே இல்லை. தான் செத்துப்போனது அவருக்கு அதுவரைக்கும் தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன். தன்னுடைய பிள்ளையின் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

கனகம்மா முன்வாசலால் ஓடினாள். தோரணத்தையும் நிறைகுடத்தையும் கடந்து, வீட்டைச் சுற்றி, கடலுக்குள் இடுப்பளவு போய்விட்டாள். கனகரத்தினம்தான் இழுத்து வந்தார். அவள் கத்தவில்லை, அழவில்லை. உடுப்பு மாற்றிவிட்டு வந்து, தானே தாலியைக் கழற்றித் தம்பியின் கையில் வைத்தாள். “பிள்ளை சொல்லிப்போட்டாள். இனிச் சரி.” பொட்டையும் தானே அழித்தாள்.

அடுத்த நாள் கலியாணம் குறையொன்றும் இல்லாமல் நடந்தது. கனகரத்தினமும் மனைவியும் தாரை வார்த்தார்கள். தாலி கட்டுகிற நேரம் பூரணி நிமிர்ந்து சனத்துக்குள் தாயைத் தேடினாள். தாலி கழற்றியவள் மணவறைக்கு முன்னால் வரலாமா? கனகம்மா குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

 பேயை விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அதற்குப் பிறகு கனகம்மா குசினியோடு சேர்ந்த பத்தியில் இருந்தாள். பெரிய வீட்டுக்குள் வருவது குறைவு. பூரணியோடு கோபம் இல்லை. சோறு கறி சமைத்துக் கொடுத்தாள், மருமகனோடு மரியாதையாகக் கதைத்தாள். அலுமாரியில் ஈரம் இல்லை, மணம் இல்லை, சத்தம் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் மட்டும் கைவேலையை விட்டுவிட்டுப் பெரிய வீட்டுப் பக்கம் பார்ப்பாள். பங்குனியில் ஒருநாள் பூரணியும் புருசனும் கோவிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, அறைக்குள் அலுமாரிக்கு முன்னால் கனகம்மா சுருண்டு கிடந்தாள். உயிர் இல்லை. நெற்றி அலுமாரிக் கதவில் முட்டிக்கொண்டு இருந்தது.

முன்வாசலால்தான் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு வாசல் எங்கே இருந்தது? எட்டுச் செலவை இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்தார்கள். முப்பத்தோராம் நாளும் முடிந்தது. சொந்தக்காரர் எல்லோரும் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரம், அறையில் திரும்பவும் சத்தம் கேட்டது.

பூரணி வெளியே ஓடிப்போய்ப் பார்த்தாள். சுவர் காய்ந்து கிடந்தது. மணலில் ஒரு தடமும் இல்லை. காதை வைத்துக் கேட்டாள்… வெளியே ஒரு சத்தமும் இல்லை. உள்ளே வந்தாள். அலுமாரிக்குள்தான் கேட்டது. பின்பலகைக்கும் கல்லுக்கும் நடுவில். முந்தி வெளியிலிருந்து உள்ளே வரத் தடவிய கை. இது உள்ளேயிருந்து வெளியே போகத் தடவுகிற கை. சின்னக் கை… சத்தத்திலேயே தெரிந்ததாம்.

புருசன் எலி என்றான். சேலைகளை எல்லாம் எடுத்து உதறிப் பார்த்தான், பாசாணம் வைத்தான். பூரணிக்கு வயிற்றில் பிள்ளை. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் அலுமாரிக்கு முன்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் புஷ்பவதி அங்கே போனபோது பூரணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். “அப்பாவை நான் போகச் சொல்லிப்போட்டன் அக்கா. அவர் போயிட்டார். இப்ப அம்மா ஆரிட்டப் போறதுக்கு இந்தப் பாடு படுறா?”  புஷ்பவதியும் சேர்ந்து அழுதாள். அழுதுவிட்டு, நாளைக்கே உடைப்போம் என்று அவள்தான் சொன்னாள்.

இப்போது அந்தச் சுவர் இல்லை. உடைத்தாகிவிட்டது. அதனால் நீங்கள் யாரும் சாட்சி பார்க்கப் போக வேண்டாம். அந்த இடத்தில் கதவுகூடப் போடவில்லை, மாரி காலத்தில் தூவானம் அறைக்குள்ளே அடிக்கும், மாப்பிள்ளை புறுபுறுப்பான். ஆனால் உடைப்பதற்கு முன்னால் ஆதம்பாவா பின்பலகையைக் கழற்றினாரே… அப்போது பூரணியும் புஷ்பவதியும் பக்கத்தில் நின்றார்கள்.

முதற்பலகை வந்தது. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“இது நான் பூசின சீமெந்து மகள். பூசிக் காயவிட்டு, நானே பலகை அடிச்சது. அப்ப இதில ஒரு அடையாளமும் இருக்கல்ல.”

பச்சைச் சீமெந்தில் வைத்து அழுத்தின மாதிரி, இறுகிப்போன பூச்சில் கைகள். ஒன்றின்மேல் ஒன்று, விரல் விரித்த இரண்டு கைகள். பெண்ணின் கை, மோதிர விரல் கொஞ்சம் வளைந்தது. பூரணிக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தக் கையால் சோறு தின்று வளர்ந்தவள்.

மேலே, ஒரு பெண் நின்றால் முகத்துக்கு நேராக வருகிற உயரத்தில் அவை தொடங்கின. ஆதம்பாவா பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, கைகள் கீழே கீழே இறங்கி வந்தன… நெஞ்சளவு… இடுப்பளவு… முழங்கால் மடித்து இருக்கிற அளவு… நின்று களைத்து, இருந்து களைத்து…

கடைசிப் பலகையை எடுத்தபோது, நிலத்தோடு ஒட்டி, கை இல்லை. படுத்துக் கிடந்து, அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு காதின் அடையாளம்.